பதினாறு வருஷம் கணக்கு எழுதிய கைக்குப் படைப்பாற்றல் இருக்குமா?

உங்கள் கேள்வியை இரண்டு மூன்று முறை படித்தேன். வயது 41. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் கணக்குப் பிரிவில் 16 வருஷ வேலை. பள்ளியில் படிக்கும்போது கவிதை எழுதிப் பரிசு வாங்கியிருக்கிறீர்கள். போன வருஷம் ஓவிய வகுப்பில் சேர்ந்து, இரண்டு மாதத்தில் நின்றுவிட்டீர்கள். ‘எனக்குள் படைப்பாற்றல் என்று ஏதாவது மிச்சம் இருக்கிறதா, இருந்தால் அதை எப்படிக் கண்டுபிடித்து வளர்ப்பது’ என்று கேட்டிருக்கிறீர்கள். மற்றவர்களுக்கு வாய்த்த ஏதோ ஒன்று தனக்கு இல்லாமல் போய்விட்டதோ என்கிற உறுத்தல் அந்தக் கேள்விக்கு அடியில் இருப்பதாக எனக்குப் படுகிறது. பிள்ளைகள் படிப்பு, சமையல், மாதாமாதம் 20ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டி ரிட்டர்ன் என்று ஓடுகிற நாட்களில் இதற்கெல்லாம் இடம் உண்டா என்கிற பயமும் கூடவே இருக்கிறது. மூன்றுக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

நான் கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியில் படித்தவன். தஞ்சாவூர் மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் 31 வருஷம் டிராயிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றேன். உளவியல் முறையாகப் படித்ததில்லை. வகுப்பறையில் நான் கண்டது மற்ற இடங்களிலும் பொருந்துமா என்று தெரிந்துகொள்ள, ஓய்வுக்குப் பிறகு இந்தத் துறை ஆய்வுகளைத் தேடிப் படித்து வருகிறேன். அதனால் கண்ணால் பார்த்தது எது, படித்துத் தெரிந்துகொண்டது எது என்று பிரித்துச் சொல்லிவிடுகிறேன்.

ஆறாம் வகுப்புக்குள் முதல் நாள் போய், ‘உங்க இஷ்டத்துக்கு ஒரு இயற்கைக் காட்சி வரைங்க’ என்று சொன்னால் நாற்பது நோட்டில் முப்பத்தைந்தில் ஒரே படம் வரும். இரண்டு முக்கோண மலை, நடுவில் பாதிச் சூரியன், மலையிலிருந்து இறங்கி வருகிற ஆறு, கரையில் ஒரு குடிசை, சாய்ந்த தென்னை, வானத்தில் டிக் அடித்த மாதிரி நாலு பறவை. நான் வேலை பார்த்த ஊர்களெல்லாம் காவிரிப் படுகை. கண்ணுக்கு எட்டின மட்டும் தட்டை வயல். அந்தப் பிள்ளைகளில் பலர் மலையை நேரில் பார்த்ததே கிடையாது. அவர்கள் ஊரில் சூரியன் தென்னந்தோப்புக்குப் பின்னாலிருந்தோ ரைஸ்மில் புகைபோக்கிக்குப் பின்னாலிருந்தோதான் எழும்பும்.

இதைப் பார்த்து அந்தப் பிள்ளைகளுக்குக் கற்பனை இல்லை என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. படம் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று யாரோ முன்கூட்டியே அவர்களுக்கு முடிவு செய்து கொடுத்துவிட்டார்கள். அடுத்த வகுப்பில் சொல்வதை மாற்றுவேன்: ‘இன்னைக்குப் பள்ளிக்கூடம் வர்ற வழியில பாத்த ஒரே ஒரு பொருள்.’ ஒரு வருஷம் ஒரு பையன் வாய்க்கால் மதகை வரைந்தான். பலகை இடுக்கில் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வருவதை ஸ்கேல் வைத்து நெருக்கமாகக் கோடு இழுத்திருந்தான். கீழே தண்ணீர் விழுகிற இடத்தில் பென்சிலை அழுத்திக் கருப்பாக்கி, அதன்மேல் அழிரப்பரால் சுழித்துச் சுழித்து வெள்ளையை எடுத்து நுரையைக் கொண்டுவந்திருந்தான். ரப்பரால் வரையலாம் என்று நான் அதுவரை அந்த வகுப்புக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. தினமும் சாயங்காலம் அந்த மதகில் உட்கார்ந்து தூண்டில் போடுகிறவன் அவன். நுரை எப்படிப் பிறந்து எப்படி உடைகிறது என்று அவனுக்கு அத்துப்படி. பென்சிலால் அதைப் பிடிக்க முடியாது என்று அந்தக் கைக்குத் தெரிந்ததால்தான் ரப்பரை எடுத்தது.

என் 31 வருஷத்தில் தயக்கமில்லாமல் சொல்லக்கூடியது ஒன்று உண்டென்றால் அது இதுதான். ஒருவருக்குப் புதிதாக ஏதாவது தோன்ற வேண்டுமானால், அவர் நெருங்கிப் பழகிய பொருளில்தான் அது முதலில் தோன்றும். உங்கள் ஓவிய வகுப்பில் செல்போனில் படம் காட்டி, கடலோர அஸ்தமனத்தை அப்படியே வரையச் சொன்னார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். பிரஷ் பிடிக்கப் பழகுவதற்கு அது உதவும், அதில் தப்பில்லை. ஆனால் அந்த அஸ்தமனத்தோடு உங்களுக்கு எந்தப் பழக்கமும் இல்லை. நீங்கள் நின்றுவிட்டதை வைத்து உங்களிடம் எதுவும் இல்லை என்று முடிவு கட்டுவது, மலைப் படத்தை வைத்து அந்தப் பையனை எடைபோடுவது போலத்தான்.

ஆய்வாளர்கள் பக்கம் வருகிறேன். படைப்பாற்றல் என்பது மேதைகள் சிலருக்கு மட்டும் இருப்பதல்ல, எல்லோரிடமும் கூடவோ குறையவோ இருக்கிறது என்பதில் இத்துறையில் பெரிய சச்சரவு கிடையாது. 1950இல் அமெரிக்க உளவியல் சங்கத் தலைவர் ஜே. பி. கில்ஃபோர்டு தன் தலைமை உரையில் இதை எடுத்துப் பேசிய பிறகு ஆய்வுகள் வேகம் பிடித்தன. 2009இல் ஜேம்ஸ் காஃப்மன், ரொனால்டு பெகெட்டோ என்கிற இருவர் இதை நான்கு அளவாகப் பிரித்தார்கள். ஒன்றைக் கற்றுக்கொள்ளும்போது தனக்குள் மட்டும் புதிதாக ஒன்று விளங்குவது முதல் அளவு. அன்றாட வாழ்க்கையில் நாலு பேருக்குப் பயன்படுகிற சின்னப் புதுமை இரண்டாவது. ஒரு தொழிலில் பல வருஷம் தேறியவர் செய்வது மூன்றாவது. காலம் கடந்து நிற்பது நான்காவது. ‘படைப்பாற்றல்’ என்ற சொல்லைக் கேட்டதும் நாம் நேராக நான்காவதை நினைத்துக்கொள்கிறோம். அதனால் முதல் இரண்டும் நம் வீட்டிலும் அலுவலகத்திலும் நடந்துகொண்டே இருந்தாலும் கணக்கில் சேர்ப்பதில்லை. இடது மூளைக்காரர் கணக்குப் போடுவார், வலது மூளைக்காரர் கவிதை எழுதுவார் என்று வாட்ஸ்அப்பில் வருவதையும் நம்ப வேண்டாம். 2013இல் யூட்டா பல்கலைக்கழகத்தில் 1,011 பேரின் மூளை ஸ்கேன்களை ஆராய்ந்து பார்த்தார்கள். மொழி போன்ற சில வேலைகள் ஒரு பக்கமாகச் சாய்வது உண்மை. ஆனால் மொத்தமாக ஒரு பக்க மூளையே ஓங்கியிருக்கிற ஆட்கள் என்று யாரும் பிரியவில்லை. பதினாறு வருஷம் லெட்ஜர் எழுதியதால் உங்கள் கவிதைப் பக்கம் துருப்பிடித்திருக்கும் என்று பயப்பட ஆதாரம் எதுவும் கிடையாது.

படைப்பாற்றல் எப்படிப் பிறக்கிறது என்பதற்கு நான் பார்த்ததிலேயே நல்ல உதாரணம் என் அம்மாதான். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். மார்கழியில் நாலரை மணிக்கு எழுந்து சாணம் தெளித்து, ஈரம் காய்வதற்குள் புள்ளி வைத்து முடித்துவிடுவார். சிக்குக் கோலம்தான் அவருக்குப் பிடிக்கும். கம்பி எந்தப் புள்ளியையும் தொடாமல் சுற்றி வளைத்துக்கொண்டு போய், புறப்பட்ட இடத்திலேயே வந்து சேர வேண்டும். ஒரு நாள் நான் அரிக்கேன் விளக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். ஒன்பதுக்கு ஒன்பது நேர்ப்புள்ளி. பாதியில் அம்மாவின் கை நின்றுவிட்டது. ஓர வரிசையின் நடுவில் ஒரு புள்ளி விட்டுப்போயிருக்கிறது, இருட்டில் கவனிக்கவில்லை. அந்தப் புள்ளியைச் சுற்றி வர வேண்டிய கம்பி, சுற்ற ஒன்றுமில்லாமல் அங்கே போய் நிற்கிறது. இழுத்த கம்பியை அழித்தால் ஈரத் தரையில் மாவு இழுவிக்கொள்ளும். அம்மா குனிந்த வாக்கிலேயே, விரலிடுக்கில் மாவு ஒழுகாமல் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு புள்ளி இல்லாத இடத்தில் கம்பியை உள்பக்கம் திருப்பி, சின்னச் சுழியாகச் சுழித்துத் திரும்ப ஓட்டினார். அதோடு விடவில்லை. எழுந்து சுற்றி வந்து, மற்ற மூன்று ஓரத்திலும் நடுப்புள்ளியை மட்டும் நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு, அங்கேயும் அதே சுழியைப் போட்டார். விடிந்ததும் பால் வாங்க வந்த பக்கத்து வீட்டு அத்தை வாசலிலேயே நின்று, ‘இது எங்க கத்துக்கிட்டே, எனக்கும் நோட்டுல போட்டுக் குடேன்’ என்றார்.

அந்தச் சுழி அம்மாவின் கோல நோட்டில் பிறகு எத்தனையோ பக்கத்தில் வருகிறது. அன்றைக்கு நடந்ததைப் பல நாள் யோசித்திருக்கிறேன். விதி கறாராக இருந்தது. அந்த விதிக்குள் ஆயிரம் தடவை போய் வந்த கை. ஒரு தப்பு நேர்ந்தது. தப்பை மறைக்காமல், அதையே மற்ற மூன்று பக்கமும் வேண்டுமென்றே செய்தபோது அது வடிவமாகிவிட்டது. கோலத்தின் விதிகளைச் சென்னை கிறித்துவக் கல்லூரிப் பேராசிரியர்கள் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனோடு சேர்ந்து ஆராய்ந்து, 1974இல் கணினி இலக்கணமாகவே எழுதிக் கட்டுரை வெளியிட்டார்கள். அவ்வளவு இறுக்கமான விதி உள்ள ஒன்றில்தான் நம் ஊர்ப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகப் புதுக்கோலம் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறார்கள். கணக்கு வேலை விதிகளால் ஆனது, அதில் படைப்புக்கு ஏது இடம் என்று எழுதியிருந்தீர்கள். விதி குறுக்கே நிற்கிறது என்று நான் நினைக்கவில்லை. ‘எதை வேண்டுமானாலும் எழுது’ என்றால் கை ஓடாது. ‘நாலே வரி, அதில் இன்றைக்கு நீ தொட்ட ஒரு பொருள் வர வேண்டும்’ என்றால் ஓடும். ஏழு சீருக்குள் குறள் வெண்பா எழுதிப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். சீர் இடிக்கும்போது மாற்றுச் சொல் தேடுவோம், அந்தத் தேடலில்தான் நாம் நினைத்தே இராத சொல் கிடைக்கும்.

இனி, வளர்ப்பது. ஒன்பதாம் வகுப்புக்கு நான் வருஷா வருஷம் வைத்த பயிற்சியை நீங்களும் செய்து பார்க்கலாம். மேஜை மேல் ஒரு பித்தளைச் செம்பு. ஒரு தாளை நாலு தடவை மடித்துப் பிரித்தால் பதினாறு கட்டம் வரும். ஒவ்வொரு கட்டத்திலும் அந்தச் செம்பைத்தான் வரைய வேண்டும், ஆனால் ஒன்றுபோல் இன்னொன்று இருக்கக்கூடாது. முதல் நாலைந்து சட்டென்று முடிந்துவிடும். ஏழாவதுக்கு வரும்போது, ‘சார், தீந்துபோச்சு, வேற ஒண்ணும் தோணல’ என்று குரல் வரும். அந்த இடத்தில் நான் வாயே திறக்க மாட்டேன். ஒன்பது, பத்துக்கு மேல்தான் யாராவது எழுந்து வந்து செம்புக்கு நேர் மேலே நின்று பார்ப்பார்கள். வட்டத்துக்குள் வட்டமாகத் தெரியும். இன்னொருவன் செம்பின் வயிற்றில் ஜன்னல் கம்பி வளைந்து தெரிவதை மட்டும் வரைவான். ஒரு பெண் செம்பையே விட்டுவிட்டு, அதைத் தூக்கிய பிறகு மேஜையில் இருந்த ஈர வட்டத்தை வரைந்தாள். இதெல்லாம் என் வகுப்பில் மட்டும் நடந்தது என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன். ஒரு பொருளுக்கு எத்தனை உபயோகம் என்று கேட்டால் நேரம் ஆக ஆகத்தான் அபூர்வமான பதில்கள் வருகின்றன என்று கில்ஃபோர்டும் அவர் கூட வேலை செய்தவர்களும் 1957இலேயே எழுதியிருக்கிறார்கள். பின்னாளில் வந்த ஆய்வுகளிலும் இது திரும்பத் திரும்பத் தெரிந்திருக்கிறது. 2015இல் பிரையன் லூகஸ், லோரன் நார்ட்கிரென் இருவரும் இன்னொன்றைக் காட்டினார்கள். பாதியில் நிறுத்தி, ‘இன்னும் எத்தனை யோசனை வரும்’ என்று கேட்டால் ஆட்கள் குறைத்தே சொல்கிறார்கள். தொடர்ந்து உட்கார வைத்தால் சொன்னதைவிட அதிகம் வருகிறது. ஆகவே உங்களுக்கு ‘தீர்ந்துபோச்சு’ என்று தோன்றும்போது அது ஏழாவது கட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். என் அனுபவத்தில், தன்னிடம் ஒன்றுமில்லை என்று நம்புகிற பெரியவர்களில் பலர் ஏழாவது கட்டத்தில் எழுந்து போனவர்கள்.

உங்கள் நாளில் பெரும்பகுதி போவது அலுவலகத்தில். அதையும் பார்த்துவிடலாம். நான் கடைசியாக வேலை பார்த்த பள்ளியில் ஒரு இளநிலை உதவியாளர் இருந்தார். கல்வி உதவித்தொகை விண்ணப்பம் வாங்குகிற நாட்களில் அவர் ஜன்னல் முன்னால் கூட்டம் நெரியும். பெற்றோர் பலருக்கு எழுத வராது, பிள்ளைகள்தான் நிரப்பிக் கொடுப்பார்கள், பாதி தப்பாகத் திரும்பும். ஒரு வருஷம் அவர் திருப்பி அனுப்பிய படிவங்களைக் கிழித்துப் போடாமல் ஒரு அட்டைப்பெட்டியில் சேர்த்து வைத்தார். சீசன் முடிந்து உட்கார்ந்து பார்த்தால், தப்பெல்லாம் மூன்றே இடத்தில். ஆதாரில் உள்ளபடி பெயர், பேங்க் கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி. அடுத்த வருஷம் என்னிடம் ஒரு சார்ட் அட்டையும் சிவப்பு பெயின்ட்டும் கேட்டு வாங்கினார். மாதிரிப் படிவத்தைப் பெரிதாக எழுதி, அந்த மூன்று கட்டத்துக்கு மட்டும் சிவப்பு வளையம் போட்டார். அதை ஜன்னலுக்குக் கீழே, தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் மாட்டினார். ஏன் இவ்வளவு தாழ்வாக என்று கேட்டேன். ‘பெத்தவங்க படிக்கப்போறதில்ல சார், புள்ளைங்கதான படிக்குதுங்க’ என்றார். அந்த மூன்றடி உயரத்தை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. காஃப்மன் இரண்டாவது அளவு என்று சொன்னது இதைத்தான். அதன் தொடக்கம், தொந்தரவு கொடுத்த காகிதத்தைத் தூக்கிப் போடாமல் சேர்த்து வைத்ததில் இருக்கிறது.

அதே வேலையை நீங்கள் இரண்டு வாரம் செய்யுங்கள். ஒரு சின்ன நோட்டில், அன்றைக்கு இரண்டாவது தடவை செய்ய வேண்டி வந்தது, போன் போட்டுக் கேட்க வேண்டி வந்தது, எரிச்சல் மூட்டியது எல்லாவற்றையும் ஒரு வரி எழுதி வையுங்கள். தீர்வு யோசிக்க வேண்டாம், எழுதினால் போதும். டையிங், பிரிண்டிங் யூனிட்டுகளிலிருந்து வருகிற ஜாப் ஒர்க் பில்லில் எந்தத் தகவல் எப்போதும் விட்டுப்போகிறது? எந்த சூப்பர்வைசரிடம் எந்த விஷயத்தை ஒவ்வொரு மாதமும் விளக்க வேண்டியிருக்கிறது? இரண்டு வாரத்தில் உங்கள் மூன்று கட்டங்கள் தெரியவரும். ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். தொகை, தேதி, வரி விகிதம் இவற்றில் புதுமைக்கு இடமே கிடையாது. எந்த வரிசையில் வேலையை எடுப்பது, எதை எதோடு சேர்த்து அடுக்குவது, யாருக்கு எப்படிப் புரிய வைப்பது என்பதில் இடம் நிறைய இருக்கிறது. மேனேஜர் எல்லோரையும் கூட்டிவைத்து யோசனை கேட்டால், முதலில் அவரவர் தனியாக எழுதிக்கொண்டு வரட்டும் என்று சொல்லிப் பாருங்கள். குழுவாகப் பேசுவதைவிட அதே எண்ணிக்கையில் ஆட்கள் தனித்தனியாக யோசித்தால் அதிக யோசனை கிடைக்கிறது என்பது 1958இல் வந்த யேல் பல்கலைக்கழக ஆய்விலிருந்து பல முறை உறுதியான விஷயம்.

கணக்குப் பிரிவு என்றதும் எங்கள் கும்பகோணத்து ராமானுஜன் நினைவுக்கு வராமல் இருக்க மாட்டார். 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்துக்கு எழுத்தராகச் சேர்ந்தார். 1913 ஜனவரி 16ஆம் தேதியிட்டு கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில், கணக்குப் பிரிவு எழுத்தர் என்றுதான் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். அவருடைய திறமையை நமக்கு உதாரணமாக வைப்பது நியாயமில்லை, அது நான்காவது அளவு. ஆனால் அவர் வேலை செய்த விதத்தில் நாம் எடுத்துக்கொள்ளக் கூடியவை உண்டு. காகிதம் விலை அதிகம் என்பதால் சிலேட்டில் போட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் நோட்டில் எழுதிக்கொள்வார். அழிப்பதில் அவருக்குத் தயக்கம் இருந்திருக்க முடியாது. அதைவிட முக்கியம், அதே அலுவலகத்தின் தலைமைக் கணக்கர் நாராயண ஐயர். தானும் கணிதம் தெரிந்தவர். மாலையில் ராமானுஜனோடு உட்கார்ந்து சிலேட்டில் கணக்குப் போட்டவர். ஹார்டியின் பதில் வருவதற்கு முன்பே ராமானுஜனுக்குப் பக்கத்து மேஜையில் ஒருவர் இருந்தார் என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. உங்களுக்கும் அப்படி ஒருவர் வேண்டும். பாராட்டுகிறவராக இருக்க வேண்டும் என்பதில்லை. ‘இந்த வரி எனக்குப் புரியல, நடுவுல என்ன விட்டுட்டே’ என்று கேட்கிறவராக இருந்தால் போதும்.

பாராட்டு, பரிசு பற்றி ஒரு வேதனையான விஷயம் சொல்ல வேண்டியிருக்கிறது. மதகு வரைந்த அந்தப் பையனை மறு வருஷம் ஒரு ஓவியப் போட்டிக்கு நான் அனுப்பினேன். அங்கேயும் அவன் தன் வாய்க்காலைத்தான் வரைந்தான். பரிசு, வண்ணம் பிசிறில்லாமல் அடித்த ஒரு மலைப் படத்துக்குப் போனது. அதற்குப் பிறகு என் வகுப்பில் இரண்டு வருஷம் அவன் மலைதான் வரைந்தான். எத்தனை சொல்லியும் மாறவில்லை. அப்போது அவனை அந்தப் போட்டிக்கு அனுப்பியிருக்கக் கூடாது, அவன் இன்னும் கொஞ்ச நாள் யாரும் மதிப்பெண் போடாத இடத்தில் இருந்திருக்க வேண்டும் என்று இன்றைக்கும் வருந்துகிறேன். பிறகு அமெரிக்க உளவியலாளர் தெரசா அமாபிலே 1985இல் வெளியிட்ட சோதனையைப் படித்தபோது அவன் முகம்தான் தெரிந்தது. எழுத்தில் ஈடுபாடுள்ள 72 பேரை ஹைக்கூ போன்ற கவிதை எழுத வைத்தார். அதற்கு முன் ஒரு பிரிவினரைப் பணம், புகழ் போன்ற காரணங்களைச் சில நிமிஷம் யோசிக்க வைத்தார். அவர்களுடைய கவிதைகளைக் கவிஞர்கள் குறைவாக மதிப்பிட்டார்கள். பரிசு எப்போதுமே கெடுக்கும் என்று இதிலிருந்து சொல்லிவிட முடியாது. புதுமைக்கென்றே கொடுக்கிற பரிசு ஊக்கம் தரும் என்று வேறு ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள், அந்த வாதம் இன்னும் தீரவில்லை. ஆனால் பள்ளிப் பரிசோடு உங்கள் கவிதை நின்றுபோனது என்று நீங்கள் எழுதிய வரியைப் படித்தபோது, அடுத்த ஆறு மாதம் எழுதுவதை ஃபேஸ்புக்கில் போட வேண்டாம் என்று உங்களைக் கேட்டுக்கொள்ளத் தோன்றியது.

சந்தேகமானவற்றையும் சொல்லிவிடுகிறேன். நடந்தால் யோசனை வரும் என்பார்கள். ஸ்டான்ஃபோர்டில் 2014இல் ஒப்பெட்சோ, ஷ்வார்ட்ஸ் இருவரும் 176 பேரிடம் செய்த சோதனைகளில், நடக்கும்போதும் நடந்து முடித்த உடனேயும் ஒரு பொருளுக்குப் புதுப்புது உபயோகங்கள் அதிகம் தோன்றின. ஒரே சரியான விடையைக் கண்டுபிடிக்கிற வேலைக்கு நடை அப்படி உதவவில்லை. வந்தவர்கள் பெரும்பாலும் கல்லூரி மாணவர்கள். இதை வைத்து வாழ்க்கை முழுக்க அப்படித்தான் என்று சொல்வது அதிகப்படி. ஒரு பிரச்சினையை அப்படியே விட்டுவிட்டு வேறு வேலை பார்த்தால் விடை தானே வரும் என்பதை கிரஹாம் வாலஸ் 1926இலேயே எழுதினார். 2009இல் நூற்றுக்கு மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது அந்த விளைவு உண்டு என்றே தெரிந்தது. அது ஏன் நடக்கிறது என்பதில்தான் ஒத்த கருத்து இல்லை. சாம்பார் கொதிக்கும்போது வரி தோன்றுகிறது என்றால் அடுப்பு மேடையில் ஒரு பென்சிலைக் கட்டித் தொங்கவிடுங்கள், காரணம் பிறகு தெரிந்துகொள்ளலாம். 21 நாளில் படைப்பாற்றல் வளர்ப்போம் என்று பணம் கேட்கிற வகுப்புகளுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். பயிற்சி கொடுத்தால் சோதனைத் தாளில் மதிப்பெண் கூடுகிறது. அது வீட்டுக்கும் வேலைக்கும் எவ்வளவு தூரம் கூட வருகிறது என்பது தெளிவாகவில்லை.

நேரம் பற்றிய உங்கள் பயம் நியாயமானது. இதை மனசு வைத்தால் எல்லாம் முடியும் என்று சொல்லித் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. என் அம்மாவுக்குக் கிடைத்த அந்த அரை மணி நேரம், வீட்டில் எல்லோரும் தூங்கியதால் கிடைத்தது. உங்கள் வீட்டில் வேறு யாராவது வாரத்தில் மூன்று நாள் இரவுப் பாத்திரத்தைக் கழுவ வேண்டும், பிள்ளைகளின் ஹோம்ஒர்க்கைப் பார்க்க வேண்டும். இதை வாய்விட்டுக் கேளுங்கள். நீங்கள் ஆறு மணி நேரத் தூக்கத்திலிருந்து அரை மணியைப் பிய்த்து எடுப்பதாக இருந்தால் வேண்டவே வேண்டாம் என்பேன், களைத்த கண் எதையும் பார்ப்பதில்லை. எதிலும் ருசியில்லை, பிடித்ததுகூடப் பிடிக்கவில்லை என்பது வாரக்கணக்கில் நீடித்தால் அது நான் பதில் சொல்லக்கூடிய விஷயமில்லை, ஒரு மருத்துவரைப் பாருங்கள்.

வயதைப் பற்றி நீங்கள் நேராகக் கேட்கவில்லை, ஆனாலும் 41 என்று இரண்டு இடத்தில் எழுதியிருந்தீர்கள். மத்தியப் பிரதேசம் உமரியா மாவட்டத்தைச் சேர்ந்த ஜோதையா பாய் பைகா, கணவரை இழந்து கூலி வேலை செய்து பிழைத்தவர். அறுபதைத் தாண்டிய பிறகுதான் பிரஷ்ஷையே கையில் எடுத்தார். அவர் வரைந்தது அவர் ஊர்க் காட்டையும் மிருகங்களையும் பைகா மக்களின் தெய்வங்களையும். 2023இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். விருதுக்காக இதைச் சொல்லவில்லை. அத்தனை வருஷம் காட்டில் விறகு பொறுக்கிய கண், அவர் பிரஷ் எடுக்கும்போது தயாராக இருந்திருக்கிறது. உங்களுக்கும் 16 வருஷம் வீணாகவில்லை. தையல் மிஷின்கள் ஓடுகிற சத்தம், ரிஜெக்ட் ஆன பீஸ்களின் மூட்டை, சனிக்கிழமை சம்பளக் கவருக்கு வரிசையில் நிற்கிறவர்களின் கை எல்லாம் உங்களுக்கு என் மாணவனின் மதகு போல. அதைப் பற்றி நாலு வரி எழுத உங்களைவிடத் தகுதியானவர் அஸ்தமனம் வரையச் சொன்ன வகுப்பில் யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

அந்த வகுப்புக்குத் திரும்பப் போகலாமா என்று கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். பெயின்ட் வாசனையும் ஈரத் தாளும் பிடித்திருந்தால் போங்கள், கவிதைக்குப் பதிலாக என்றால் வேண்டாம். இந்த வாரமே தொடங்கவும் வேண்டாம். நேர நெருக்கடியில் இருக்கிற நாட்களில் புதுயோசனை குறைகிறது என்று அமாபிலேயின் குழு அலுவலக ஊழியர்களின் நாட்குறிப்புகளை வைத்துச் சொல்லியிருக்கிறது, உங்களுக்கு 20ஆம் தேதி வரை அந்த நெருக்கடி இருக்கும். ரிட்டர்ன் போட்டு முடியுங்கள். 21ஆம் தேதி மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, கோடு போடாத ஒரு நோட்டில் ஒரு தாளைப் பதினாறாக மடித்து, உங்கள் மேஜையில் தினமும் கைபடுகிற ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். பேப்பர் வெயிட்டோ, பில் குத்தி வைக்கிற கம்பியோ, எதுவானாலும் சரி. கட்டத்துக்கு ஒரு வரி. ஒன்பதாவது கட்டத்தில் என்ன வந்தது என்று முடிந்தால் எனக்கு எழுதுங்கள்.